சக்கரத்தில் ‘ஊம்ம்’ சத்தம்: பழைய காரில் அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

பழைய காரை வாங்கி முதல் தடவை நீண்ட சாலையில் ஏற்றும்போதுதான் இந்தச் சத்தம் பலருக்கும் காதில் விழுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒன்றும் இருக்காது. 60-ஐத் தொட்டதும் காலடியிலிருந்து ‘ஊம்ம்’ என்று கிளம்பும். 80-இல் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிவரும். மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்ன உடனே, வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் ‘வீல் பேரிங் போயிடுச்சு’ என்று பதில் வரும். சக்கரம் உராயாமல் சுழலத் தாங்கிப் பிடிக்கும் குண்டு வளையம்தான் பேரிங். அதாகவே இருக்கலாம். ஆனால் பேரிங்கை மாற்றி வண்டியை வெளியே எடுத்த பிறகும் அதே சத்தம் அதே வேகத்தில் கேட்பது அடிக்கடி நடக்கிற கதை. பள்ளம் பள்ளமாகத் தேய்ந்த டயரும் கெட்டுப்போன பேரிங்கும் ஏறக்குறைய ஒரே குரலில்தான் பேசும் என்பதே காரணம்.

அதனால் தேடுகிற வரிசை முக்கியம். செலவே இல்லாத சோதனைகள் முதலில், கழற்றுகிற வேலை கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டயரையும் பேரிங்கையும் ஒரே நாளில் மாற்றினால் சத்தம் போய்விடும்; எதனால் போனது என்று மட்டும் தெரியாது.

முதலில்: இந்த வண்டியை ஓட்டலாமா?

சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் இரண்டு வேலைகள். எல்லா வீல் நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று ஸ்பானரை வைத்துப் பாருங்கள். பழைய காரில் கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியது யார், எப்படி இறுக்கினார் என்பது உங்களுக்குத் தெரியாது. அடுத்து நான்கு டயரையும் சுற்றிலும், உள்பக்கச் சுவர் உட்பட, பார்த்து எங்காவது புடைப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டாம். தூக்கிக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள்:

- சத்தம் ‘ஊம்ம்’ என்பதைத் தாண்டி, கல் அரைப்பது போல ‘கரகர’ என்று வருகிறது.
- 15–20 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் தானாக இடமும் வலமும் அசைகிறது. டயருக்குள் இருக்கும் கம்பிப் பட்டை பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த டயர் வேகத்தில் வெடிக்கலாம்.
- சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டினால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடுகிறது.
- ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் கருகல் வாடையோ புகையோ வருகிறது.

பேரிங் முழுதாகச் சிதைந்தால் சக்கரம் இறுகி நிற்கலாம், கழன்றும் போகலாம். ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடும்’ என்ற கணக்கை இந்த இடத்தில் போடக் கூடாது.

சத்தத்தைப் பிடிக்கும் ஓட்டம்

சமமான, நெரிசல் இல்லாத சாலை வேண்டும். கண்ணாடிகளை ஏற்றி, பாட்டு, ஏசி ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். கூட ஒருவர் இருந்தால் நல்லது. பாதித் தூரம் அவர் முன்னால் உட்காரட்டும், மீதித் தூரம் பின்சீட்டில். காருக்குள் தாழ்ந்த சத்தம் வரும் திசையைக் காது சுலபமாக ஏமாந்து கணிக்கும். பின்பக்கச் சத்தம் முன்னால் கேட்பதும், இடப்பக்கச் சத்தம் வலப்பக்கம் கேட்பதும் சாதாரணம். ஆகவே ‘எங்கே கேட்கிறது’ என்பதைவிட ‘என்ன செய்தால் மாறுகிறது’ என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சத்தம் நன்றாகக் கேட்கும் வேகத்தில், உதாரணமாக 70-இல், கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சாவியைத் திருப்பி எஞ்ஜினை அணைக்கவே கூடாது. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் உதவியை இழக்கும். எஞ்ஜின் சுற்று ஐடிலுக்கு இறங்கிய பிறகும் சத்தம் அப்படியே இருந்து, வண்டி வேகம் குறையக் குறையத்தான் அதுவும் தணிந்தால், சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்றுதான் மூலம். எஞ்ஜின் சுற்றோடு சேர்ந்து சத்தமும் சட்டென்று இறங்கினால் ஆல்டர்னேட்டர், சைலன்சர், எஞ்ஜின் மவுண்ட் பக்கம் போக வேண்டும். அது வேறு வேலை.

அடுத்து, அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டே நான்கு விஷயங்களைச் செய்து பாருங்கள். சாலைப் பரப்பு மாறும் இடத்தில் கவனியுங்கள். பாதை அகலமாக, காலியாக இருக்கும் இடத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் வளையுங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பாருங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். எதில் சத்தம் மாறுகிறதோ, கீழே அந்தப் பகுதிக்குப் போங்கள்.

சாலைப் பரப்பு மாறினால் சத்தமும் மாறுகிறது

இது டயரின் கையெழுத்து. வழவழப்பான தாரில் தணிந்து, சொரசொரப்பான தாரிலோ சிமென்ட் சாலையிலோ ஓங்கினால், பேரிங்கை மறந்துவிட்டு முதலில் டயரைத் தொட்டுப் பாருங்கள். பேரிங்குக்குத் தன் மேல் இருக்கும் பாரம் தெரியும்; அடியில் இருப்பது தாரா சிமென்ட்டா என்பது தெரியாது.

தொட்டுப் பார்ப்பது என்றால் உண்மையாகவே உள்ளங்கையால். சக்கரம் சூடாறிய பிறகு, டயரில் கம்பியோ கண்ணாடித் துண்டோ குத்தியிருக்கவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, பட்டன்களின் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகளின்) மேல் உள்ளங்கையை வைத்து டயர் சுற்றும் திசையில் தடவுங்கள். பிறகு எதிர்த் திசையில். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ரம்பப் பல் போல விரலில் இடறினால், ஒவ்வொரு பட்டனும் ஒரு முனையில் தாழ்ந்தும் மறுமுனையில் உயர்ந்தும் தேய்ந்திருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பின்டயர்களில்தான் இது அதிகம். ‘பின்டயர் நல்லாத்தானே இருக்கு’ என்று பல ஆண்டுகள் இடம் மாற்றாமலே விட்டிருப்பார்கள். பட்டன் ஆழம் போதுமானதாகவே இருக்கும், ஆனால் ஊளையிடும்.

தடவுவதைக் குறுக்குவாட்டிலும் செய்யுங்கள். ஒரு திசையில் போகும்போது மட்டும் கூர்மையாகப் பட்டால் டோ கோணம், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், தவறியிருக்கிறது. டயர் ஒவ்வொரு மீட்டரும் சற்றே பக்கவாட்டில் இழுபட்டுத்தான் ஓடியிருக்கிறது. அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) பார்க்காத கார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மூன்றாவது வகைதான் பேரிங் போல ஏமாற்றுவது: சுற்றளவு முழுக்க கை அகலத்துக்கு ஒன்றாகப் பள்ளமும் மேடும். ஷாக் அப்சார்பர் தளர்ந்து டயர் தரையில் துள்ளித் துள்ளி ஓடியதால் வருவது. கணக்குப் போட்டால் ஏன் ஏமாற்றுகிறது என்று விளங்கும். 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு எட்டரைச் சுற்று சுற்றும். 10 சென்டிமீட்டருக்கு ஒரு பள்ளம் என்றால் ஒரு சுற்றில் ஏறத்தாழ 20 பள்ளம். நொடிக்கு 170 தட்டல். காது அதைத் தனித்தனித் தட்டல்களாகக் கேட்காது, ஒரே நீளமான ‘ஊம்ம்’ ஆகத்தான் கேட்கும். 80-இல் அது 230-ஐ நெருங்கும், சுருதி ஏறும். இதே டயரில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறை இருந்தால் சுற்றுக்கு ஒரு தட்டல். அது ‘டப் டப் டப்’ என்று தனித்தனியாகப் பிரிந்து கேட்கும் சத்தமாகத்தான் வரும்.

நீண்ட நாள் நிறுத்தி வைத்திருந்த காரில் இந்த ‘டப் டப்’ சாதாரணம். தரையில் அழுந்திய இடம் தட்டையாகியிருக்கும். 15–20 கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் குறைந்துவிட்டால் விட்டுவிடலாம். குறையாவிட்டால் தட்டை நிரந்தரமாகிவிட்டது.

கையில் சந்தேகம் தட்டுப்பட்டதும், உறுதிசெய்ய மூன்று வழிகள் உண்டு. எளிதானது காற்று. கார் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் சொன்ன அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூட ஏற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டுங்கள். டயர்ச் சுவரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டக் கூடாது. சோதனை முடிந்ததும் சரியான அளவுக்கு இறக்கிவிட வேண்டும். சத்தத்தின் சுருதியோ அளவோ தெளிவாக மாறினால் அது டயர்தான். இரண்டாவது வழி, முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடுவது. ஒரே பக்கத்துக்குள் மாற்றினால் சுழல்திசை அம்புக்குறி உள்ள டயருக்கும் பொருந்தும். சத்தமும் கூடவே இடம் மாறினால் முடிவு தெரிந்துவிட்டது. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் உள்ள காரில் இது முடியாது. மூன்றாவது, ஸ்டெப்னி முழு அளவு டயராக இருந்தால் சந்தேகப்படும் சக்கரத்தில் அதைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

டயரின் வயதையும் பாருங்கள். சுவரில் ‘டாட்’ (DOT) எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 எண்கள்தான் பிறந்த தேதி: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வெளிப்பக்கம் இந்த எண்கள் இல்லையென்றால் உள்பக்கச் சுவரில் இருக்கும். ரப்பர் வயதாக வயதாக இறுகும். இறுகிய ரப்பர் அதிகம் சத்தம் போடும். ஆறு ஆண்டு தாண்டிய டயர் என்றால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் காட்டும் குறுக்குக் கட்டையைத் தொட்டுவிட்டால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். மண் பாதைக்கான பெரிய கட்டை டயர் மாட்டிய வண்டி என்றால், புதிதாக இருந்தாலும் அது ஊளையிடத்தான் செய்யும். பழுது தேடுவது வீண்.

சரிசெய்யும்போது ஒரு தவறு தொடர்ந்து நடக்கிறது. புது டயர் போட்டுவிட்டு, தளர்ந்த ஷாக் அப்சார்பரையும் ஆடும் டை ராடையும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) அப்படியே விடுவது. சில ஆயிரம் கிலோமீட்டரில் புது டயரும் அதே பாட்டைப் பாடத் தொடங்கும். முதலில் புஷ், பால் ஜாயின்ட், டை ராட், ஷாக், பிறகு டயர், பிறகு பேலன்சிங், கடைசியில் அலைன்மென்ட். அதற்குப் பின் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். அலைன்மென்ட் மட்டும் செய்தால் ஏற்கெனவே பள்ளமான டயரின் சத்தம் நிற்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ரப்பரில் வெட்டுப்பட்ட வடிவம் அப்படியேதான் இருக்கும்.

வளைக்கும்போது சத்தம் ஏறுகிறது அல்லது இறங்குகிறது

இதுதான் பேரிங்கின் முக்கிய அடையாளம். இடப்பக்கம் வளைத்தால் வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது ‘ஊம்ம்’ ஓங்கி, வலப்பக்கம் வளைத்ததும் அடங்கினால், வலப்பக்க பேரிங்கைச் சந்தேகியுங்கள். எதிர்மாறாக நடந்தால் இடப்பக்கம். இப்போது வரும் பேரிங்குகளுக்குள் இரண்டு வரிசைக் குண்டுகள் இருப்பதால், எந்த வரிசை கெட்டது என்பதைப் பொறுத்துச் சில சமயம் இந்தக் கணக்கு தலைகீழாகும். ஆகவே வளைத்துப் பார்த்ததோடு தீர்ப்பு எழுதிவிடாமல், தூக்கிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

பேரிங் ஏன் ஊம் என்கிறது என்றால், குண்டு ஓடும் தடத்தில் சிறு செதில் பெயர்ந்திருக்கும். ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியைக் கடக்கும்போது ஒரு தட்டு. பள்ளத்தில் வேகமாக விழுந்தாலும், நடைபாதை ஓரத்தில் இடித்தாலும் தடத்தில் குண்டின் அச்சு பதியும். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுத்து, துருப் புள்ளிகளை வைத்திருக்கும். ஒரே காரில் இரண்டு மூன்று பேரிங் சேர்ந்து சத்தம் போட்டால், அந்தக் கார் தண்ணீரில் நின்றதா என்று சீட்டுக்கு அடியிலும் பாருங்கள். அகலமான சக்கரம், ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளிய சக்கரம் ஆகியவையும் பேரிங் மேல் நெம்புகோல் போலப் பாரத்தை ஏற்றும்.

தூக்கிப் பார்க்கும் முறை: சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கியதும் உரிய இடத்தில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் வேண்டாம். பிறகு:

1. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து, கடிகாரத்தில் 12-ம் 6-ம் உள்ள இடத்தில், உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ‘டக்’ என்று ஆட்டம் தெரிந்தால், கூட இருப்பவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் அது பேரிங். பிரேக் பேட் டிஸ்க்கைப் பிடித்து, சக்கரம் மாட்டியிருக்கும் சுழலும் பகுதியான ஹப்பை, பேரிங்கைத் தாங்கும் சுழலாத பகுதியான நக்கிளோடு சேர்த்துக் கட்டிவிட்டதால் மறைகிறது. அழுத்திய பிறகும் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது சஸ்பென்ஷன்.
2. 9-லும் 3-லும் பிடித்து ஆட்டுங்கள். முன்சக்கரத்தில் இங்கே மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் முனை, ஸ்டீயரிங் ராக் பக்கம் பாருங்கள்.
3. ஒரு கையைக் காயில் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். நல்ல பேரிங்கில் ஸ்பிரிங் மௌனமாக இருக்கும். கெட்டதில் மணல் நெரிவது போல விரல் நுனியில் அதிர்வு ஏறும்.

மூன்றாவதுதான் மிகவும் நம்பகமானது. ஏனென்றால் பேரிங் முதலில் சத்தம் போடும். ஆட்டம் அதற்கு வெகு காலம் கழித்துத்தான் வரும். ‘ஆட்டமே இல்லை, அதனால் பேரிங் நல்லது’ என்று முடிவு கட்டுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய பிழை. காது பத்தாவிட்டால் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைச் சுழலாத நக்கிளில் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக் கேளுங்கள். தொங்கும் துணி, முடி எதுவும் சக்கரத்தின் பக்கம் போகக் கூடாது. ஒரு பக்கம் கேட்டதும் மறுபக்கத்தையும் கேளுங்கள். ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புரியும்.

எஞ்ஜினோடு இணைந்த சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலும் (எஞ்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) சேர்ந்து சுற்றுவதால் அதிர்வு மங்கித் தெரியும். அதற்காக வண்டியை ஸ்டாண்டில் வைத்து எஞ்ஜினால் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஒர்க்‌ஷாப் லிஃப்டில், இழுக்கும் இரு சக்கரமும் தரையில் படாதபடி வைத்து அவர்கள் செய்யட்டும். ஒரு சக்கரம் தரையில் நின்று மற்றது மட்டும் சுழன்றால், டிஃபரன்ஷியலால் அது ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். வீட்டில் செய்ய வேண்டாம்.

வெப்பமும் ஒரு சாட்சி. பிரேக்கை மிகக் குறைவாகப் பயன்படுத்தி 15–20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும், தொடாமல் அளக்கும் வெப்பமானியால் ஒவ்வொரு ஹப்பின் மையத்தையும் டிஸ்க்கையும் அளந்து, இடத்தையும் வலத்தையும் ஒப்பிடுங்கள். டிஸ்க் மட்டும் கொதித்தால் பிரேக் உரசுகிறது. டிஸ்க் சாதாரணமாக இருந்து ஹப் மட்டும் சூடேறினால் பேரிங். கையால் தொட்டுப் பார்த்தால் தோல் பொசுங்கும்.

ஏபிஎஸ் விளக்கு விட்டுவிட்டு எரிவதும் இதே கதையின் ஒரு பகுதியாக இருக்கலாம். சக்கர வேகத்தைப் படிக்கும் காந்த வளையம் பல கார்களில் பேரிங் சீலிலேயே இருக்கிறது. பேரிங் தளர்ந்தால் சென்சாருக்கும் அதற்குமான இடைவெளி மாறிவிடும்.

ஆக்ஸிலரேட்டரை விட்டால் சத்தம் மாறுகிறது

அழுத்தும்போது ஊளையிட்டு, விட்டதும் அடங்கினால், அல்லது இதற்கு நேர்மாறாக நடந்தால், பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் பழுது: டிஃபரன்ஷியலோ கியர்பாக்ஸோ. ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்த கியரின் பற்கள். எல்லா கியரிலும் ஒரே மாதிரி, வண்டி வேகத்தோடு மட்டும் ஏறினால் டிஃபரன்ஷியல். முதல் வேலை கியர் ஆயில். அளவுத் துளையின் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் துளையின் அடி விளிம்பு வரை நிற்க வேண்டும். ஆயிலில் வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் ஆயில் மாற்றி அது சரியாகாது.

வண்டி நிற்கும்போதே நியூட்ரலில் சத்தம் இருந்து, கிளட்சை மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸின் முன் தண்டு பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

முன்சக்கரம் இழுக்கும் சில கார்களில் நீளமான பக்கத்து ஆக்ஸில் நடுவில் பிராக்கெட்டோடு ஒரு தாங்கு பேரிங் இருக்கும். அது கெட்டால் வீல் பேரிங் போலவே ‘ஊம்ம்’ என்னும், ஆனால் வளைத்தால் மாறாது. வீல் பேரிங் இரண்டையும் மாற்றியும் சத்தம் போகாத கார்களில் அந்த இடத்தைப் பாருங்கள். பின்சக்கரம் தள்ளும் வண்டியில் அதே வேலையை ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நடு பேரிங் செய்யும்.

பிரேக்கைத் தொட்டால் மாறுகிறது

லேசாகத் தொட்டதும் சத்தம் நின்றாலோ தொனி மாறினாலோ பேட், டிஸ்க், டிரம். காலிப்பரின் வழுக்கு ஊசி துருவேறி இறுகினால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகோன் கிரீஸ் போட்டு மாட்டினால் போதும். டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகடு வளைந்து தொடுவதும், இடையில் சிறு கல் சிக்குவதும் கீச்சுச் சத்தமாக வரும். கல்லை எடுத்து, தகட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலக்கி வளைத்தால் தீர்ந்தது.

எதைச் செய்தாலும் மாறவில்லை

மேல் தளத்தில் சாமான் கம்பிகள் இருந்தால் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கண்ணாடி ஓர ரப்பர் மேல் காகித டேப் ஒட்டிப் பாருங்கள். காற்றும் ஊம் என்று பாடும். 80 முதல் 110-க்குள் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் அது பேலன்சிங். அதை இந்தச் சத்தத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பேரிங்தான் என்று உறுதியான பிறகு

உங்கள் காரில் எந்த வகை என்று பாருங்கள். போல்ட் போட்டுக் கழற்றும் ஹப் யூனிட் என்றால் வேலை எளிது. நக்கிளில் அது உட்காரும் பரப்பின் துருவைச் சுரண்டிச் சுத்தமாக்க மறக்காதீர்கள். சாய்ந்தால் டிஸ்க் நடுங்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

நக்கிளுக்குள் அழுத்தி ஏற்றும் வகைக்கு ஹைட்ராலிக் பிரஸ் கட்டாயம். சுத்தியலால் தட்டி ஏற்றிய புது பேரிங், தடத்தில் குண்டின் அச்சு பதிந்து சில நூறு கிலோமீட்டரிலேயே ஊம் என்னும். பிரஸ்ஸிலும் விதி உண்டு. நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். பிறகு ஹப்பை ஏற்றும்போது அடியில் உள் வளையத்துக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அழுத்தம் முழுக்க குண்டுகள் வழியாகப் போய் தடத்தைக் குத்திவிடும். காந்த வளையம் உள்ள பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைக் காந்தத்தின் அருகே கொண்டுபோகாதீர்கள். பழைய உள் வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்து, அதை வெட்டி எடுக்கும்போது ஹப் கழுத்தில் கீறல் விழுந்தாலோ, கழுத்து சூட்டில் நீலம் பாரித்திருந்தாலோ ஹப்பையும் மாற்றுங்கள். பேரிங் நகராமல் பிடிக்கும் வளையக் கிளிப்பான சர்க்ளிப்பைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள்.

ஆக்ஸில் நட் எப்போதும் புதியது. இறுக்கும் அளவு காருக்குக் கார் மாறும். பல கார்களில் 180 முதல் 300 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் மாடலின் கையேட்டு எண்ணே இறுதி. காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி விட்டுவிடாமல், டார்க் ரென்ச்சால் முடியுங்கள். நட் முழுதாக இறுகும் முன் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டவே கூடாது. அந்த இறுக்கம்தான் உள் வளையங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. அது இல்லாமல் பாரம் ஏறினால் புது பேரிங் அங்கேயே கெடும்.

பழைய மாடல்களில் வரும் கூம்பு ரோலர் ஜோடி வேறு மாதிரி. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உட்கார வைத்து, தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்கி, புது காட்டர் பின் போட வேண்டும். துளி ஆட்டம் இருக்கலாம், இறுகவே கூடாது. கூடுதலாக இறுக்கினால் கிரீஸ் வெந்துவிடும்.

கெட்ட பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பெரிய சத்தம் போனதும், அதன் நிழலில் ஒளிந்திருந்த எதிர்ப்பக்கத்தின் சின்னச் சத்தம் வெளிப்படலாம். பயப்பட வேண்டாம், அதையும் முதலிலிருந்து சோதியுங்கள். நக்கிளை ஸ்ட்ரட்டிலிருந்து (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) பிரித்திருந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்கி, 50–100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரென்ச் போட்டுப் பாருங்கள்.

கழற்றிய பழைய பேரிங்கைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், கேட்டு வாங்கி வையுங்கள். சீலைப் பெயர்த்து, மண்ணெண்ணெயில் கிரீஸைக் கழுவித் துடைத்து, தடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். செதில் பெயர்ந்த குழி, துருப் புள்ளி, சீரான இடைவெளியில் குண்டின் அச்சு, இவற்றில் ஒன்று இருந்தால் சரியானதைத்தான் மாற்றியிருக்கிறீர்கள். தடம் சுற்றிலும் கண்ணாடி போல ஒரே மாதிரி மின்னினால் அந்த பேரிங்கில் குறை இல்லை. மறுபடி டயரின் மேல் உள்ளங்கையை வையுங்கள்.